பிள்ளை படிக்கவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

தோப்பூரிலும் அயலிலும் தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

"படிக்கிறான் இல்லை." "சொல்வழி கேட்கிறாள் இல்லை." "முந்தி நல்லா இருந்த பிள்ளை, இப்ப ஒன்றும் கதைக்கிறது இல்லை." ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். முதலாவது படிப்பு, இரண்டாவது நடத்தை, மூன்றாவது மனம்.

வெளியே மூன்றாகத் தெரிந்தாலும், ஆறேழு வயதுப் பிள்ளைக்குள் இவை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவனைச் சீண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் இருக்கும் உம்மாவை நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது. ஆகவே குறையைத் திருத்தப் புறப்படுமுன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். எந்த ஒழுங்கில் பார்ப்பது, வீட்டில் என்ன செய்வது, தோப்பூரில் இருந்துகொண்டு யாரிடம் போவது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுத்தானே நடக்கிறது, இது படிப்பா?

தரம் 1, 2 பெற்றோர் பலருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. கொப்பி நிறைய எழுதிவராவிட்டால் எதுவும் படிப்பிக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

1999 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, ஐந்து வருடங்களும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. தரம் 1, 2 முதலாம் நிலை. அங்கே விளையாட்டு வழியாகக் கற்பதற்கு முதலிடம். தரம் 3, 4 இரண்டாம் நிலை. அங்கே செயற்பாடுகள் (கையால் செய்து, பார்த்து, குழுவாகக் கற்பவை) கூடும். தரம் 5 மூன்றாம் நிலை. எழுத்து வேலை அங்கேதான் கூடுதலாக வருகிறது. ஆகவே தரம் 1 பிள்ளை புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தால் அது கணக்குப் பாடம்தான்.

ஒவ்வொரு நிலை முடிவிலும் பிள்ளைக்குக் கட்டாயம் வந்திருக்கவேண்டிய திறமைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் (எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தே ஆகவேண்டிய அடிப்படைத் திறமைகள்) என்று அதற்குப் பெயர். வகுப்பாசிரியரிடம் "என் பிள்ளைக்கு இதில் எது வந்திருக்கிறது, எது வரவில்லை?" என்று கேட்கலாம். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்பதைவிட இந்தக் கேள்வியால் கூடுதல் பயன் உண்டு.

பிள்ளை பின்தங்கி இருக்கிறதா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

முடியும். போன வருடத்துத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். பிள்ளை மனப்பாடம் செய்திராத ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தவேண்டாம், ஏசவேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

தடையில்லாமல் வாசித்து, "இதில் என்ன நடந்தது?" என்று கேட்டால் தன் சொல்லில் சொல்லிவிட்டால் கவலை இல்லை. வாசித்தும் பொருள் தெரியாவிட்டால் இன்னும் பழக்கம் தேவை. எழுத்துக்கூட்டித் தடுமாறினால் சொற்களில் வேலை இருக்கிறது. க, கா, கி, கீ என்பதிலேயே மயங்கினால் எழுத்திலிருந்து தொடங்கவேண்டும். கணக்குக்கும் இப்படித்தான். கடைக்குப் போய் 100 ரூபா கொடுத்து 65 ரூபாச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். தரம் 3, 4 பிள்ளை விரல் விட்டாவது சொல்லவேண்டும்.

உங்களுக்கே வாசிக்க வராது என்றால்? அதனால் பாதகம் இல்லை. பிள்ளை தட்டித் தடவி வாசிக்கிறதா, ஓட்டமாக வாசிக்கிறதா என்பது காதுக்குத் தெரியும். மூத்த பிள்ளையையோ பக்கத்து வீட்டுத் தங்கச்சியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பின்தங்கித்தான் இருக்கிறது. உடனே ரியூசனுக்கு அனுப்பவா?

பொறுங்கள். முதலில் கண்ணும் காதும்.

கண்பார்வை குறைந்த பிள்ளை "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள்தான் கவனிக்கவேண்டும். புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடிக்கிறதா? தொலைக்காட்சிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? கண்ணைச் சுருக்குகிறதா? கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறதா? காதுக்கும் சில அடையாளங்கள் உண்டு. பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, அடிக்கடி "என்ன?" என்பது, காதில் சீழ் வடிவது ஆகியவை அவை. இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் "சொல்வழி கேளாதவன்" என்ற பெயர் கெதியில் வந்துவிடுகிறது.

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவருக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (ஊரில் பி.எச்.ஐ என்று சொல்வோம்) வந்து பார்வை, செவிப்புலன், பல், உயரம், நிறை எல்லாம் பார்ப்பார்கள். அன்று பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். வைத்தியசாலைக்குக் காட்டச் சொல்லித் துண்டு தந்தால் அதைப் புத்தகப்பைக்குள் கிடக்க விடாதீர்கள்.

தரம் 2 பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் தரம் 4 வரை காத்திருக்கத் தேவையில்லை. தோப்பூர்ப் பிரதேச வைத்தியசாலையில் காட்டி, மூதூர் ஆதார வைத்தியசாலைக்கோ திருகோணமலை வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதனைக்குப் பணம் இல்லை. கண்ணாடி தேவை என்றால், மாணவருக்கு இலவசமாகப் பெறும் வழியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

கண்ணும் காதும் சரி. அடுத்தது என்ன?

வயிறும் நித்திரையும். காலை ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகிறது. வெறுந்தேநீரோடு போகும் பிள்ளைக்கு ஒன்பது மணிக்கே தலை சாயும். 2024 இல் பாடசாலை உணவுத் திட்டம் நாடு முழுவதும் ஆரம்பப் பிரிவு மாணவர் எல்லாருக்கும் விரிவாக்கப்பட்டது. பாடசாலையில் சாப்பாடு உண்டுதானே என்று காலையில் ஒன்றும் கொடுக்காமல் விடாதீர்கள். ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஒரு பிடி கௌபி போதும். பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் பூச்சி மாத்திரையையும் வேண்டாம் என்று தடுக்காதீர்கள். இரத்தம் குறைந்த பிள்ளை சோம்பேறி போலத்தான் தெரியும்.

இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் நித்திரை வேண்டும். சுபஹுக்கு எழும்பும் வீட்டில் பிள்ளையும் ஐந்து, ஐந்தரைக்கு எழும்புமென்றால், இரவு எட்டு, எட்டரைக்குப் படுக்கவேண்டும். பத்து மணிவரை போனில் காணொளி பார்த்த பிள்ளைக்குக் காலையில் எரிச்சல் வருவதில் வியப்பில்லை. போனைப் பறித்துச் சண்டை பிடிப்பதைவிட, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் போன் இல்லை என்று பெரியவர்களையும் சேர்த்து ஒரு ஒழுங்கு வைப்பது சுலபம்.

பிள்ளையின் நாளையும் ஒருமுறை எண்ணிப்பாருங்கள். பாடசாலை, பிறகு ரியூசன், பிறகு குர்ஆன் மத்ரஸா, பிறகு வீட்டுவேலை. விளையாட ஒரு மணித்தியாலமும் மிஞ்சவில்லை என்றால், அந்த ஓட்டத்தைப் பிள்ளை வகுப்பறையில் ஓடித் தீர்க்கும்.

சரி, வாசிப்பை எப்படி முன்னேற்றுவது?

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இந்த முறையைப் பல மாநிலங்களில் நடத்தியது. எழுத்துப் படியில் நிற்பவர், சொல் படியில் நிற்பவர், பந்தி வாசிப்பவர் என்று வகுப்பைப் பாராமல் பிள்ளைகளைச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதற்கேற்ற பாடம் கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ ஆகிய பொருளியலாளர்கள் அதை அளந்து பார்த்துப் பலன் உண்டு என்று காட்டினார்கள். வறுமை ஒழிப்பில் இப்படிப்பட்ட பரிசோதனைகளைச் செய்ததற்காக 2019 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் இவர்கள் இருவரும் உண்டு.

தமிழ்நாட்டிலும் கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2022 இல் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து அங்கே கற்பிக்கிறார்கள். தரம் 4 பிள்ளைக்குத் தரம் 1 புத்தகம் கொடுப்பது அவமானம் இல்லை. தெரியாத பாடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் பிள்ளைக்கு அவமானம்.

வீட்டில் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். பிள்ளை நிற்கும் படியில் ஒரு சிறு பகுதியை முதலில் நீங்களோ மூத்த பிள்ளையோ வாசியுங்கள், பிறகு சேர்ந்து வாசியுங்கள், கடைசியில் பிள்ளை தனியே வாசிக்கட்டும். அதிலிருந்து ஐந்து சொல்லை எழுதச் சொல்லுங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் நாளைக்குப் பிள்ளை புத்தகத்தைக் கண்டே ஓடும்.

தோப்பூருக்கென்று இன்னொன்றும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் விடுமுறை. பெரியவருக்கு அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கோ கற்றது கையைவிட்டுப் போகும் காலம் அது. அஸருக்குப் பிறகு இந்த 20 நிமிடத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டால் பெருமளவு இழப்பைத் தடுக்கலாம். பள்ளிக்குடியிருப்பு, கிளிவெட்டி போன்ற அயலூர்த் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், டிசம்பர் விடுமுறைகளில் இதே வழி.

எவ்வளவு முயன்றும் எழுத்து மனதில் நிற்கவில்லை என்றால்?

மற்ற எல்லாவற்றிலும் கெட்டித்தனமாக இருக்கும் பிள்ளை, கதை சொன்னால் விளங்கிக்கொள்ளும் பிள்ளை, ஒரு தவணை முழுக்க ஒழுங்காகப் பழக்கியும் எழுத்தை மாற்றி மாற்றி எழுதுகிறதா? அது வாசிப்புக் குறைபாடாக (மூளை எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள கடினம்) இருக்கலாம். இதற்கும் புத்திக்குறைவுக்கும் சம்பந்தம் இல்லை, சோம்பலுக்கும் சம்பந்தம் இல்லை. வேறு முறையில், மெதுவாக, கூடுதல் தடவை கற்பிக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காமல், வீடு, பாடசாலை, மத்ரஸா எங்கும் ஒரேமாதிரி அலைபாயும் பிள்ளைக்கும், மூன்று வயதிலிருந்தே பேச்சிலும் மற்றவரோடு பழகுவதிலும் வேறுபாடு தெரிந்த பிள்ளைக்கும் வைத்தியரின் கணிப்பு தேவை. அதிபரிடம் சொன்னால் மூதூர் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்கு அறிவிப்பார். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகும் (கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான வகுப்பு) உண்டு. "ஊர் என்ன சொல்லும்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்குத்தான் நட்டம்.

குழப்படிக்கு என்ன மருந்து?

முதலில் ஒரு கிழமை கவனியுங்கள். குழப்படி எப்போது வருகிறது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? அதன் பிறகு பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? ஒரு கொப்பியில் இந்த மூன்றையும் குறியுங்கள். வீட்டுப்பாடம் எடுத்ததும்தான் சண்டை வருகிறது என்றால் பாடம் கடினமாக இருக்கிறது. தம்பியைத் தூக்கியதும்தான் அழுகை என்றால் உங்கள் மடி வேண்டும் என்கிறது. வகுப்பில் கூத்தடித்ததும் வெளியே அனுப்பப்படுகிறது என்றால், வெளியே போவதுதான் அதற்கு வேண்டியதாக இருக்கலாம்.

பிறகு சொல்லும் முறையை மாற்றுங்கள். "ஒழுங்கா இரு" என்றால் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. "புத்தகப்பையை அலுமாரிக்குப் பக்கத்தில் வை" என்றால் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். செய்தவுடன், "சொன்னவுடனே வைத்துவிட்டாய், நல்ல வேலை" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். நாள் முழுக்க நல்லபடி இருந்ததை யாரும் காணவில்லை, கல்லெறிந்ததை மட்டும் நாலு பேர் கண்டார்கள் என்றால், கல்லெறிந்தால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

கேட்டால் கொடுப்பதில்லை என்று ஒன்றைத் தீர்மானித்தால் அதில் நில்லுங்கள். வாப்பா மறுத்ததை உம்மம்மா கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு உம்மம்மா வீட்டுக்கு வழி தெரிந்துவிடும். வீட்டில் உள்ள பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி ஒரே முடிவுக்கு வரவேண்டும்.

அடித்தால் திருந்தாதா? எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள்?

அடித்தால் அந்த நிமிடம் நிற்கும். அதனால்தான் அடி வேலை செய்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை பிள்ளை அந்தக் குழப்படியை விடாது, உங்களுக்குத் தெரியாமல் செய்யப் பழகும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அடி விழுந்தால் வாசிப்பு வராது, வாசிப்பின்மேல் பயம் வரும். அடியாத மாடு படியாது என்ற பழமொழி மாட்டுக்கே சரிதானா என்பது சந்தேகம்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் அறைந்ததில் தரம் 9 மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. சிறுவர்மீதான கொடுமை 1995 முதல் தண்டனைச் சட்டக்கோவையிலும் தனிக் குற்றம்.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் நாளில் "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், சேர்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை. "இவன் குழப்படி செய்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஆசிரியருக்கும் அது ஆறுதல். நாற்பது பிள்ளையோடு நிற்பவருக்கு வீட்டின் துணை தேவை.

சின்னப் பிள்ளைக்கு என்ன மனக்கவலை?

பெரியவர்போல "எனக்குக் கவலை" என்று பிள்ளை சொல்லாது. உடம்பால் சொல்லும். வைத்தியர் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் பாடசாலை நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி, விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, கெட்ட கனவு, நகம் கடிப்பது, விளையாட்டில் ஒதுங்குவது, தொட்டதற்கெல்லாம் கோபம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இரண்டு மூன்று கிழமைக்குமேல் தொடர்ந்தால் அதைப் பாசாங்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

கேட்கும்போது நேராக "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று குடையவேண்டாம். கூட நடந்து கடைக்குப் போகும்போது, கீரை ஆயும்போது பேச்சுத் தானாக வரும். சொன்னதை முழுக்கக் கேளுங்கள். "இதுக்கெல்லாமா அழுவாய்?" என்றால் அதோடு வாய் மூடிவிடும். "அவன் உன் பென்சிலைப் பறித்தது உனக்குக் கோபம்தானே" என்று பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொன்னால் மிச்சமும் வரும்.

உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

தோப்பூர், மூதூர்ப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போன தாய்மார் பலர். பிள்ளை உம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ வளர்கிறது. இதைக் குற்றமாகப் பார்க்கவேண்டாம். சில விடயங்களில் கவனம் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

போகும்போது பிள்ளை நித்திரையில் இருக்க ஒளித்துப் போகவேண்டாம். கண்விழித்து ஆளைக் காணாத பிள்ளை, அடுத்து யார் காணாமல் போவார் என்று எல்லாரையும் பிடித்துக்கொண்டு திரியும். எங்கே போகிறேன், ஏன் போகிறேன், யார் உன்னைப் பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். "நாளைக்கு வந்துவிடுவா" என்று வீட்டில் இருப்பவர்களும் பொய் சொல்லவேண்டாம்.

தொலைபேசி அழைப்புக்கு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். நினைத்தபோதெல்லாம் வரும் பத்து அழைப்பைவிட, வெள்ளிக்கிழமை பின்னேரம் தவறாமல் வரும் ஒன்று பிள்ளைக்குப் பிடிமானம். அந்த நேரத்தில் புள்ளியை மட்டும் விசாரிக்காமல், பிள்ளை ஒரு பந்தி வாசித்துக் காட்டட்டும், வரைந்த படத்தைக் காட்டட்டும். தாயைப் பிரிந்திருப்பதை வகுப்பாசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தாய் தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் தகாத முறையில் நெருங்குபவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். உடம்பில் யார் தொடலாம், எங்கே தொடக்கூடாது, யாராவது தொட்டால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள்.

வெள்ளம், இடம்பெயர்வு இவற்றின் தாக்கம் இருக்குமா?

இருக்கும், அதுவும் இரண்டு தலைமுறைக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தையும் மாவிலாறு அணைக்கட்டு உடைந்ததையும் இன்றைய பிள்ளைகள் கண்டார்கள். அதற்குப் பிறகு மழை இரைந்தால் அழுவது, தனியே படுக்க மறுப்பது எல்லாம் இயல்பான எதிர்வினைகள். சாப்பாடு, நித்திரை, பாடசாலை என்ற வழமையான நாளை எவ்வளவு கெதியில் திரும்பக் கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு கெதியில் பயம் தணியும். நடந்ததைப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னால், வெள்ளத்தையே வரைந்துகொண்டிருந்தால் தடுக்காதீர்கள், சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால் உதவி தேடுங்கள்.

இரண்டாவது தலைமுறை நீங்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்ததும், 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சண்டையின்போது மக்கள் கந்தளாய்க்கு நடந்ததும் உங்களில் பலருக்குப் பள்ளிப் பருவத்து நினைவு. சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் முகாம்களில் இருந்தன. பிள்ளை பத்து நிமிடம் பிந்தினால் நெஞ்சு பதறுவது, சின்னச் சத்தத்துக்கும் கை ஓங்குவது போன்றவை அந்தக் காலத்தின் மிச்சமாக இருக்கலாம். பெரியவரின் பதற்றத்தைப் பிள்ளை அப்படியே வாங்கிக்கொள்ளும். உங்களுக்கும் மனநல உதவி தேவை என்றால் கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளைக்குச் செய்யும் உதவியில் அதுவும் ஒன்று.

தரம் 5 புலமைப்பரிசில் என்னாகும்?

இந்தப் பரீட்சை கட்டாயம் இல்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு, வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வழிதிறக்க வந்தது அது. இன்றும் அதன் பயன் இரண்டே. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவிப்பணம், விரும்பினால் தரம் 6 இல் வேறு பாடசாலையில் இடம். வெட்டுப்புள்ளி (தகுதிக்கான குறைந்த புள்ளி) மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும்.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் பிள்ளையின் படிப்பு எதுவும் நின்றுவிடாது. தரம் 6 க்கு வழமைபோலப் போகும். சாதாரண தரப் பரீட்சையில் யாரும் புலமைப்பரிசில் புள்ளியைக் கேட்பதில்லை. ஆகவே தரம் 3 இலிருந்தே வினாத்தாள் பயிற்சியில் பிள்ளையை ஆழ்த்தாதீர்கள். வாசித்து விளங்கும் பிள்ளைக்குத் தரம் 5 இல் வினாத்தாள் பழக்கம் தானாக வரும். முடிவு வரும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பெயரும் புள்ளியும் போட்டுப் பதாகை கட்டும் வழக்கம், வராத பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்றும் யோசியுங்கள்.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியரே பெரும்பாலான பாடங்களை எடுப்பதால், உங்களுக்கு அடுத்தபடி பிள்ளையை நன்றாக அறிந்தவர் அவர்தான். காலை மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் மறித்துக் கேட்காமல், வசதியான நேரம் ஒன்றைக் கேட்டுப் போங்கள். வேலை விட்டு வரும் வாப்பாவும் முடிந்தால் வரட்டும். மூன்று கேள்வி போதும். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது? எந்த இடத்தில் தடுக்குகிறது? வீட்டில் நான் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன? கண், நித்திரை, வீட்டு நிலை பற்றி நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தி அதன் குறையைப் பேசவேண்டாம்.

யாரிடம் எதற்குப் போவது?

படிப்பில் தடை என்றால் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், அதிபர். அங்கே தீராவிட்டால் மூதூர் வலயக் கல்விப் பணிமனை.

உடல்நலம் என்றால் தோப்பூர் வைத்தியசாலை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. மனநலம் என்றால் மூதூர் அல்லது திருகோணமலை வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். வீட்டிலிருந்தே பேச, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் உண்டு.

வீட்டுச் சூழல், பாதுகாப்பு, பாடசாலைக்கு அனுப்ப வசதியில்லாமை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் (பேசிக் கேட்டு வழிகாட்டுபவர்) ஆகியோரைச் சந்திக்கலாம். தோப்பூர் உப பிரதேச செயலகத்திலோ மூதூர்ப் பிரதேச செயலகத்திலோ, உங்கள் கிராம சேவகரிடமோ அவர்கள் எந்த நாளில் இருப்பார்கள் என்று விசாரியுங்கள். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல், பாலியல் தொல்லை என்றால் காத்திருக்கவேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 க்கு எந்த நேரமும் அழைக்கலாம். பணம் இல்லை, பிள்ளையே அழைக்கவும் முடியும்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

நித்திரையும் சாப்பாடும் திருந்தினால் இரண்டு கிழமையில் முகத்தில் தெரியும். கண்ணாடி போட்ட அன்றே சில பிள்ளைகளின் கையெழுத்து மாறும். வாசிப்புக்கு ஒரு தவணையாவது வேண்டும். நடத்தையில், நீங்கள் முறையை மாற்றிய முதல் சில நாட்கள் குழப்படி கூடும். பழைய வழி இன்னும் பலிக்கிறதா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிறது. அந்த நாட்களில்தான் பல பெற்றோர் கைவிடுகிறார்கள். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் குறையத் தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவேண்டாம். இந்தக் கிழமை பந்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், கண்ணையும் காதையும் கவனியுங்கள். அடுத்த கிழமை நித்திரை நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். மூன்றாவது கிழமை ஆசிரியரைச் சந்தியுங்கள். ஒவ்வொரு நாளும் கண்டதை ஒரு பழைய கொப்பியில் திகதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள், எழுத வராவிட்டால் போனில் குரலாகப் பதிந்துவையுங்கள். தவணை முடிவில் ஆசிரியரையோ வைத்தியரையோ பார்க்கப் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள். "படிக்கிறான் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஊகிக்கத்தான் முடியும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று காட்டினால் உதவியை அன்றே தொடங்கலாம்.